கட்டிலுக்கடியில் இருந்த இடம்

அன்புள்ள மகளுக்கு,

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாமே என்று அம்மா கேட்டார். அந்தப் பனி நாள் கதையை நான் இந்த 26 வருடங்களில் யாருக்கும் தனியாகச் சொன்னதில்லை. கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும், ஒரு தடவை ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டும், எல்லோரும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். ஆகவே இதையும் எல்லோரும் படிக்கக்கூடிய இடத்திலேயே எழுதுகிறேன். இதுவும் உனக்குப் பிடிக்காமல் போகலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை தம்பி வீட்டில் நடந்ததை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு நீ தொலைபேசியை எடுக்கவில்லை. நானும் மூன்று தடவைக்கு மேல் அடிக்கவில்லை. 2025 பெப்ரவரியில் ஒன்பது நாட்களுக்குள் பனி திரும்பத் திரும்பக் கொட்டி, 50 சென்ரிமீற்றருக்கு மேல் சேர்ந்து, நகரசபை வண்டிகள் அள்ளி முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, நான் வழக்கமாகப் போகும் கோப்பிக் கடையில் ஒருவர், "இப்ப இருக்கிற மேயரம்மாவும் ஆமியைக் கூப்பிடுவாவோ?" என்று பகிடி விட்டார். மேசையிலிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அடுத்தது என் முறை என்பது அவர்களுக்கு மனப்பாடம். நான் மிச்சக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கதையை இனிச் சொல்வதில்லை என்று வாகனத்தின் மேலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றபோதுதான் முடிவெடுத்தேன். சொல்லாமல் விடுவது மட்டும் போதாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

நீ அறிந்த நாளைத்தான் எழுதுகிறேன், ஆனால் நான் வழக்கமாகச் சொல்லும் ஒழுங்கில் அல்ல.

1999 ஜனவரி 2ஆம் திகதி தொடங்கிய பனி, இரண்டு கிழமைக்குள் ஏறக்குறைய 118 சென்ரிமீற்றர் அளவுக்குக் கொட்டியது. ரொறொன்ரோவுக்கு ஒரு பனிக்காலம் முழுவதிலும் விழ வேண்டியது அது. 14ஆம் திகதி வியாழக்கிழமை, தைப்பொங்கல். முந்திய இரவு வேலைக்குப் போன அம்மா திரும்பி வர பஸ் இல்லாமல் வேலையிடத்திலேயே நின்றுவிட்டார். உங்களை நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பகலில் தொழிற்சாலையும் இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுவதுமாக இருந்த நான், கனடாவுக்கு வந்த ஒன்பது வருடங்களில் பனியைக் காரணமாகச் சொல்லி வீட்டில் நின்ற முதல் நாள் அதுதான். நீங்கள் வந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அம்மா இல்லாமல், நான் மட்டும் உங்கள் இருவரோடும் ஒரு பகல் முழுவதும் இருந்தது அதற்கு முன் நடந்ததில்லை. மூன்று பேரும் பிரயாணத்தில் ஒரே இருக்கையில் அகப்பட்டவர்களைப் போல அந்த ஸ்காபரோ வீட்டுக்குள் இருந்தோம்.

காலையில் நீ எனக்குத் தேநீர் ஊற்றினாய். "சீனி எத்தினை கரண்டி போடுறது?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியில் "அப்பா" என்றோ "உங்களுக்கு" என்றோ எதுவும் இல்லை என்பதை நான் கவனித்தேன். நீ கவனித்துத்தான் அப்படிக் கேட்டாயா என்று இன்றுவரை கேட்டதில்லை. உனக்கு நாலு வயதாகும் முன்பே வெளிக்கிட்டவனை எப்படிக் கூப்பிடுவது என்று நீ தடுமாறியிருக்கலாம். தம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது போனவன் நான், அவனுக்கு நான் புதிதாகக் கிடைத்த ஒரு சாமான், வந்த அன்றே தோளில் ஏறிக்கொண்டான்.

பொங்க வேண்டும் என்று சொன்னவள் நீ. எனக்கு எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு பால் என்பதே தெரியாது. பலகணிக் கதவு பனி அடைத்துத் திறக்க முடியாமல் இருந்தது, சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஊகித்துத்தான் கும்பிட்டோம். பால் எந்தப் பக்கமாகப் பொங்கி வழிகிறது என்று பார்ப்பதற்குள் மின்னடுப்பின் சுருளில் விழுந்து கருகி, குசினி முழுவதும் புகையாகி, கூரையிலிருந்த புகைமணி அலறத் தொடங்கிவிட்டது. நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினேன். தம்பி கீழே நின்று குதித்துச் சிரித்தான். அந்த அலறலுக்கு நடுவில்தான் முன்னறையில் தொலைக்காட்சி செய்தி ஓடிக்கொண்டிருந்தது: மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள ஆமியைக் கூப்பிட்டிருக்கிறார். செய்தி ஆங்கிலத்தில்தான் போனது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. நம் ஊரில் அந்த ஆங்கிலச் சொல்தான் தமிழும்.

மணியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் உன்னைக் காணவில்லை.

இதற்குமேல் நான் மேடைகளில் சொல்வது உனக்குத் தெரியும். குளியலறை, உடுப்பு அலுமாரி, வெளியே நடைபாதை என்று தேடியது, தம்பி படுக்கையறையிலிருந்து "அக்கா இஞ்ச!" என்று கத்தியது, கட்டிலுக்கடியில் நீ, பக்கத்தில் உன் பள்ளிக்கூடப் பை. பையைக் கட்டிலில் கொட்டியபோது விழுந்த பிஸ்கட் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், அம்மாவின் ஒரு சீலை, தம்பியின் ஜம்பர். பிறகு என் வாயிலிருந்து வந்த வசனம்: "இஞ்சத்தை ஆமி துவக்கோடை வராது பிள்ளை, சவளோடைதான் வரும்!" இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பனிக்குப் பயந்து ஆமியைக் கூப்பிட்ட நகரம் என்று கனடா முழுவதும் ரொறொன்ரோவைப் பார்த்துச் சிரித்ததால், கதைக்கு அந்தச் சிரிப்பும் கூடவே சேர்ந்துகொண்டது. 2021 டிசம்பரில் லாஸ்ட்மன் இறந்தபோது தொலைக்காட்சியில் அந்தப் பழைய காட்சிகளைத் திரும்பக் காட்டினார்கள். நான் உனக்குத் தொலைபேசி எடுத்து, "உன்ரை ஆள் போட்டார்" என்று சொல்லிச் சிரித்தேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாய். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுதிவிட்டேன், அது முழு உண்மை அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ ஏன் கட்டிலுக்கடியில் இருந்தாய் என்பதை இங்கே நான் விரிக்கப்போவதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததை, இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள், நான் இங்கே ஓர் உணவகத்தின் பின்புறத்தில் நின்றவன். அடுத்த வருடம் நீங்கள் திரும்பி ஊருக்குப் போன பிறகு நடந்த சுற்றிவளைப்புகளைப் பற்றி எழுதினால், யார் செய்தது, யாரால் வந்தது என்று கீழே ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள். நம் குடும்பத்திலேயே இரண்டு பக்கமும் உண்டு, வருடா வருடம் ஊருக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. மாமாவைப் பற்றி எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தில் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். 26 வருடம் நீ ஏன் வாய் திறக்கவில்லை? உன் கலியாணத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து நான் அதைச் சொன்னபோது நீ மணவறையில் இருந்து சிரித்தாய், ஒளிப்பதிவில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டது பிழையா? நித்திரைக்குக்கூட நேரம் எடுக்காமல் உழைத்து, முகவருக்குக் கட்டிய கடனை அடைத்து, உங்களைக் கூப்பிடத் தாள்கள் நிரப்பிக்கொண்டிருந்த மனிதன், கட்டிலுக்கடியில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாயா? நான் பொழுதுபோக்குக்காக ஊரைவிட்டு வெளிக்கிடவில்லை. நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், மருமகனின் தாய் தகப்பன் முன்னால், உன் மகளின் முன்னால், என்னை அந்த ஒரு வசனத்தால் நீ நிறுத்தினாய். அது எனக்கு நொந்தது. இப்போதும் நோகிறது.

இந்தப் பந்தியை அழித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.

நான் ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் என்பதை இப்போதாவது நேராகச் சொல்கிறேன். மற்றத் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளின் முதல் பல், முதல் பள்ளிக்கூட நாள், சைக்கிள் பழகி விழுந்தது என்று வரிசையாக வைத்திருப்பார்கள். உன்னுடைய அந்த நாட்களெல்லாம் எனக்குக் கடிதத்தில் வந்தவை, அவையும் கொழும்பு வழியாக மாதக்கணக்கில் பிந்தி வந்தவை. நீ சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு நாளில் நானும் அதே வீட்டுக்குள் இருந்தேன் என்று சொல்வதற்கு என்னிடம் இருந்தது அந்தப் பனி நாள் மட்டுமே. அதனால் அதை நல்ல நாளாக்கினேன். சிரிப்பு வரும்படி செதுக்கினேன், செதுக்கும்போது விழுந்தவற்றை எடுத்துப் பார்க்கவில்லை.

விழுந்தவற்றில் ஒன்று, பயணப்பெட்டிகள். அந்தக் கட்டிலுக்கடியில் நீங்கள் கொண்டுவந்த மூன்று பெரிய பெட்டிகள் அடைந்து கிடந்தன, ஒன்றுக்குள் அம்மாவின் அம்மியும் குழவியும் இருந்தன. நான் அறைக்குள் வந்தபோது அந்த மூன்றும் இழுத்து எடுக்கப்பட்டுச் சுவரோரம் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒளிப்பதற்கு ஒரு பெட்டியை இழுத்திருந்தால் போதும். நீ கட்டிலின் விளிம்பில், வெளிப்பக்கமாகக் கிடந்தாய். உனக்குப் பின்னால், சுவர் வரைக்கும், ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. நான் குனிந்து சிரித்தபோது அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன்.

"அது எனக்கு எடுத்த இடமில்லை, உங்களுக்கு எடுத்தது." வாசலில் நீ சொன்னது இதுதான். அம்மா அன்றிரவு முழுவதும் என்னோடு பேசவில்லை. அவருக்கு அது முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது.

சிரித்ததோடும் நான் நிற்கவில்லை. நீ இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கும்போதே, அதே அறையிலிருந்த தொலைபேசியில் மூன்று நண்பர்களுக்கு அடித்து அதைச் சொன்னேன். மூன்றாவது அழைப்பில் கதை நன்றாக வந்தது. அதைத்தான் இன்றுவரை சொல்லிவந்தேன். நான் தொலைபேசியை வைத்தபோது நீ குசினியில், அடிப்பிடித்த பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். பொங்கலின் மேற்பாதியை எனக்கும் தம்பிக்கும் போட்டுவிட்டு, கருகிய அடியை நீ எடுத்துக்கொண்டாய். நான் சிரித்ததற்காகவும், அதைவிட அந்தத் தொலைபேசிக்காகவும், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு வந்த வருடங்களுக்காகவும் கேட்கலாம். ஆனால் அந்த மூன்று அழைப்புகளுக்கும் நீ தந்தாலே எனக்குப் போதும். உன் மகள் பனி விழும் ஒரு நாளில் இந்தக் கதையைக் கேட்டால், அதை எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது இனி உன் பொறுப்பு.

விளங்கவில்லை என்று எழுதியது முழு உண்மை அல்ல என்றேன். அன்று பையைக் கொட்டியபோது பிஸ்கட்டோடும் சீலையோடும் ஒரு பொட்டலமும் விழுந்தது. ஒரு சொப்பிங் பைக்குள் இன்னொரு சொப்பிங் பை, மழைத்தண்ணீர் போகாதபடி இறுக்கிய முடிச்சு. உன்னுடைய ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்து மேசை இலாச்சிக்குள் போட்டேன். ஏப்ரல் மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, கனடாவில் குடியேறியதற்கான என் லாண்டிங் பேப்பரைத் தேடி, வீடு முழுவதும் கிளறி, கடைசியில் அந்தப் பொட்டலத்தை எடுத்து, முடிச்சு அவிழாததால் கத்தரிக்கோலால் வெட்டினேன். உள்ளே என் லாண்டிங் பேப்பரும், ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய அடையாள அட்டையும் இருந்தன. உன்னுடையதோ அம்மாவுடையதோ எதுவும் இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "ஆர் இதை இப்பிடிக் கட்டி வைச்சது?" என்று சத்தம் போட்டேன். நீ வீட்டுப்பாடக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா