குதிரையின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி. ஐந்து ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்று வருகிறேன். என் பிரிவு ஈவென்டிங். கடந்த டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஒரு ஜூனியர் போட்டியில் கலந்துகொண்டேன். ஊர் திரும்பியபோது ஒரு நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது: 'சென்னை மாணவி பாதியில் விலகினார்.' அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று களத்தில் நாங்கள் இருவர் இருந்தோம். இன்னொருவனின் பெயர் செய்தியில் இல்லை. அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவன் பெயர் துரை. வயது 11. கிண்டியில் பந்தயம் ஓடி, வேகம் குறைந்ததும் எங்கள் பயிற்சி லாயத்துக்கு வந்தவன். பந்தயக் காலத்தில் அவனுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. லாயத்தில் எல்லோருக்கும் அவன் துரைதான்.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரையும் அதில் ஏறியவரும் சேர்ந்து எழுதும் மூன்று தேர்வுகள். முதலில் டிரஸ்ஸாஜ்: மணல் களத்தில் நடை, ஓட்டம், திருப்பம் எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருக்க வேண்டும். அடுத்தது கிராஸ் கன்ட்ரி: திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை என்று தடைகளைத் தாண்டி ஓட வேண்டும். கடைசியாக ஷோ ஜம்பிங். அங்கே ஒரு கம்பு விழுந்தால் 4 புள்ளி அபராதம். மொத்த அபராதம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். இதில் கிராஸ் கன்ட்ரிதான் எனக்கு எல்லாம். போட்டிக்கு முன் நாம் தடத்தை நடந்து பார்க்கலாம். குதிரைக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. ஒவ்வொரு தடையையும் அது முதல்முறையாகப் பார்க்கிறது. என்னை நம்பித்தான் தாண்டுகிறது.

இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. முந்தைய ஆண்டு நீர்த் தடையின் விளிம்பில் துரை நின்றுவிட்டான். 20 அபராதப் புள்ளி. கோபத்தில் சாட்டையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். மறுபடியும் நின்றான். அன்று இரவு, அவனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அவன் கால்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அவனுக்கு எப்படித் தெரியும் பாப்பா? நீதானே சொல்ல வேண்டும்? நீயே குனிந்து தண்ணீரைப் பார்த்தால் அவன் யாரை நம்பிப் போவான்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அடிக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஐப்பசி மழையில் எங்கள் லாயத்துக்கு வெளியே முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும். பள்ளிக்குப் போகும் முன் தினமும் துரையை அதில் நடக்க வைத்தோம். முதல் நாள் முன்னங்கால் குளம்பு மட்டும் நனைந்தது. பத்தாம் நாள் அவனாகவே இறங்கி, காலால் தண்ணீரை அடித்து எங்கள் இருவரையும் நனைத்தான். டிசம்பரில் பெங்களூருவில் நீர்த் தடை 9-ஆவது. நான் தலையை நிமிர்த்தி எதிர்க்கரையைப் பார்த்தேன். அவன் தயங்கவே இல்லை.

13-ஆவது தடையைத் தாண்டி இறங்கியபோது அவன் ஓட்டத்தில் தாளம் மாறியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது; சேணத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. இன்னும் நான்கு தடைகள்தான் பாக்கி. முடித்தால் முதல் ஐந்துக்குள் வரலாம். அவன் காதுகள் அப்போதும் முன்னோக்கியே இருந்தன; கேட்டால் ஓடியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை. கடிவாளத்தை இழுத்து நிறுத்தி இறங்கிவிட்டேன். முன்னங்கால் தசைநாரில் வீக்கம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். தொடர்ந்து ஓடியிருந்தால் அறுந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரைக்குக் கிராஸ் கன்ட்ரியில்தான் தசைநார் அறுந்தது. காப்பாற்ற வழியில்லாமல் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அதே போட்டியில் நம் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா 23-ஆவது இடம் பெற்றார். அவரைச் சுமந்து ஓடியது செனியர் மெடிகாட். 2018 ஆசிய விளையாட்டில் அவருக்குத் தனிநபர் வெள்ளி வாங்கித் தந்ததும் அதே குதிரைதான். டோக்கியோவில் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஜூலியா கிராயெவ்ஸ்கி, இந்தப் போட்டியில் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் பெற்ற முதல் பெண். அவருடைய குதிரை அமாண்ட் தெ பெனெவில். அதுவும் பெண் குதிரை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்தப் பெயர்களெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சர்வதேச முடிவுப் பட்டியல்களில் வீரரின் பெயருக்குப் பக்கத்திலேயே குதிரையின் பெயரும் இருக்கும். நம் செய்திகளில் பல நேரம் அது உதிர்ந்துவிடுகிறது.

பதக்கம் வந்தால் வீரரின் படம், வராவிட்டால் 'குதிரை முரண்டு பிடித்தது' என்று ஒரு வரி. இதைப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. குதிரை பைக் அல்ல. துரைக்குப் பயம் உண்டு, பசி உண்டு. பிடித்த ஆளும் பிடிக்காத ஆளும் உண்டு. கொள்ளு ஊறாமல் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் சம்மதித்தால்தான் ஒரு மரக்கட்டையையாவது நான் தாண்ட முடியும்.

அந்தச் செய்தியை எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து, துரையின் பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். இடமில்லை என்றார். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன். குதிரையேற்றச் செய்தி எது வந்தாலும், வென்றாலும் தோற்றாலும் விலகினாலும், குதிரையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு துரை இப்போது காலையில் 20 நிமிடம் நடக்கிறான். அடுத்த போட்டிக்கு அவன் தேறுவானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தேறினால் எங்களைப் பற்றி மறுபடியும் நான்கு வரி வரலாம். அவன் பெயர் இரண்டே எழுத்து.

இப்படிக்கு,
ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி,
வேளச்சேரி, சென்னை