தூசி செவ்வாயிலிருந்துதான் வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ராசிமண்டல ஒளியைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறி, அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் அடிவானத்தில் தெரிகிற மங்கலான ஒளிதான் அது. தமிழ் இதழ்களில் இந்த விஷயத்தை அதிகம் பார்க்க முடிவதில்லை. ஆனால் செவ்வாயின் தூசிதான் அந்த ஒளிக்குக் காரணம் என்று நாசாவின் ஜூனோ விண்கலம் நிரூபித்துவிட்டதாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. நிரூபணம் என்கிற அளவுக்கு விஷயம் இன்னும் போகவில்லை.

ஜூனோ தூசியை ஆராயப் போன கலமே அல்ல. அதற்கான கருவியும் அதில் கிடையாது. 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனை அடைந்த அந்தக் கலத்தில், காந்தமானிக்குத் துணையாக நான்கு சின்னக் கேமராக்கள் இருந்தன. விண்மீன்களைப் பார்த்து, காந்தமானி எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. அவற்றை வடிவமைத்தவர் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லீஃப் யோர்கென்சன். போகிற வழியில் புதிய சிறுகோள் ஏதாவது சிக்காதா என்ற ஆசையில், விண்மீன் பட்டியலில் இல்லாத ஒரு பொருள் அடுத்தடுத்த படங்களில் தென்பட்டால் தகவல் அனுப்பும்படி ஒரு கேமராவுக்கு அவர் நிரல் எழுதிவைத்தார். வந்து குவிந்ததோ விளங்காத கோடுகள், ஆயிரக்கணக்கில். கலத்திலிருந்து எரிபொருள் கசிகிறதோ என்றுகூட அவரது குழுவினர் யோசித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தூசித் துகள்கள் மணிக்குச் சுமார் 16,000 கி.மீ. வேகத்தில் வந்து மோத, சூரியப் பலகைகளிலிருந்து பெயர்ந்து பறந்த சில்லுகள் அவை! அந்தப் பலகைகளின் பரப்பு ஏறக்குறைய 60 சதுர மீட்டர். தூசிக்கென்றே செய்து அனுப்பிய கருவிகள் எல்லாம் இதன் முன்னால் சிறியவை. என்னைக் கேட்டால் கட்டுரையில் இந்தக் கதைக்கே பாதி இடம் கொடுத்திருக்கலாம்.

சரி, செவ்வாய் எங்கே வந்தது? மோதல்களில் பெரும்பாலானவை பூமியின் பாதைக்கும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டைக்கும் இடையில் நிகழ்ந்தன. அந்தத் தூசி ஏறத்தாழ வட்டமான பாதையில் சுற்றுவதாகக் கணக்கு சொன்னது. அந்தப் பாதைக்குப் பொருந்துகிற கோள் செவ்வாய்தான், ஆகவே அதுதான் ஊற்று என்று யோர்கென்சன் குழு 2020இல் எழுதியது. ஆனால் செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து ஒரு துகள் தப்ப வேண்டுமானால் நொடிக்கு 5 கி.மீ. வேகம் வேண்டும். எவ்வளவு பெரிய புழுதிப் புயலானாலும் அந்த வேகத்தைத் தராது. தூசி எப்படி வெளியேறுகிறது என்பதற்குத் தங்களிடம் விடை இல்லை என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கட்டுரையில் இந்த ஒரு வரி இல்லாததுதான் என் குறை.

இன்னொன்று. பூமி தன் அருகில் வரும் தூசியை இழுத்துக்கொள்வதால் இந்தத் தூசி மேகத்தின் உள்விளிம்பு பூமியோடு முடிகிறது என்றும் யோர்கென்சன் குழுவினர் சொன்னார்கள். 1974 டிசம்பரிலும் 1976 ஜனவரியிலும் சூரியனை ஆராய ஏவப்பட்ட ஹீலியோஸ் இரட்டைக் கலங்கள் கண்டது வேறு. பூமியின் தூரத்திலிருந்து சூரியனுக்குச் சுமார் 4.5 கோடி கி.மீ. வரை நெருங்கிப்போனபோது ராசிமண்டல ஒளி பத்து மடங்குக்கும் மேல் கூடியதை அவற்றின் ஒளிமானிகள் பதிவு செய்தன. உள்ளே தூசி இல்லாமல் ஒளி எப்படிக் கூடும்? வெளிப்பக்கம் வியாழனை நோக்கிப் பயனியர் 10 கலம் போனபோது, சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 50 கோடி கி.மீ. தாண்டிய பிறகுதான் இந்த ஒளி பின்னணியில் காணாமல் போனது. அந்த இடம் சிறுகோள் பட்டையின் வெளிவிளிம்பை ஒட்டி இருக்கிறது, செவ்வாயைத் தாண்டி வெகுதூரம்.

அப்புறம் மேகத்தின் தடிமன். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் எடுத்த வரைபடத்தில், தூசி கோள்களின் தளத்துக்கு மேலும் கீழும் நன்றாகப் பரவியிருப்பது தெரிந்தது. அதை வைத்து 2010இல் டேவிட் நெஸ்வோர்னியும் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தூசியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வியாழன் குடும்பத்து வால்மீன்கள், அதாவது வியாழனின் ஈர்ப்புக்கு உட்பட்டு, கோள்களின் தளத்துக்குச் சாய்வான பாதைகளில் சுற்றும் வால்மீன்கள், உதிர்த்தது என்று சொல்கிறது. அதுவும் ஒரு கணினி மாதிரிதான், கடைசித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் எனக்கு வால்மீன் பக்கம்தான் கனமாகத் தெரிகிறது.

நம் நாட்டு முயற்சி ஒன்றும் விடுபட்டுப் போயிற்று. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டின் கடைசி அடுக்கில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்த டெக்ஸ் என்ற தூசிக் கருவி போயிற்று. எடை மூன்றே கிலோ. சுமார் 350 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றியபடி, ஏறக்குறைய ஆயிரம் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் தூசி மோதல்களை அது பதிவு செய்ததாக இஸ்ரோ அறிவித்தது. வெள்ளி, செவ்வாய் பயணங்களுக்கு இதே வகைக் கருவியை அனுப்பினால், மேலே சொன்ன வழக்கில் நாமும் சாட்சி சொல்லலாம். அடுத்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த படம் ராசிமண்டல ஒளி அல்ல, பால்வீதி. அடுத்த முறை அதையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி