நம்ம வெள்ளைக்கல்லும் உன் லுகா ஆறும்

கருப்பூர், சேலம்

அன்புள்ள மாணிக்கம்,

குளிர்காலத்தில் மேகாலயாவில் உன் லுகா ஆறு நீலமாகி மீன் செத்து மிதப்பதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மனசே சரியில்லை.

நீ கொடுத்துவிட்டுப் போன பாட்டிலைத் திறந்து பார்த்தேன். அந்த ஆற்றில் வந்து கலக்கும், கைவிட்ட நிலக்கரிக் குழியின் தண்ணீர் என்றாய் அல்லவா, பிஎச் தாள் 3 காட்டியது, நல்ல அமிலம். நிலக்கரியோடு கிடக்கும் இரும்புக் கந்தகக் கல்லில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் ஊறும். வருகிற வழியில் இரும்பையும் கரைத்துக்கொண்டு வரும்.

ஒரு டம்ளரில் ஊற்றி, நம்ம வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சுட்டு எடுத்த மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினேன். பால்போலக் கலங்கி, அழுக்குப் பச்சையில் திரிதிரியாகத் திரண்டது. மேலே காற்றுப் பட்ட இடம் துருநிறமாக மாறியது. விடிந்து பார்த்தால் அடியில் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். தாள் 9 காட்டியது. வெள்ளக்கல்பட்டிப் பக்கம் நாம் பொறுக்கி விளையாடிய கல்லப்பா இது!

ஒன்று கவனி. உலைச் செங்கல்லுக்காக 1500 டிகிரிக்கு மேல் சுட்ட பொடி இதற்கு ஆகாது, தண்ணீரில் சும்மா கிடக்கும். 700 முதல் 1000 டிகிரிக்குள் சுட்டதுதான் வேலை செய்யும். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் கைதவறிக் கூடினால் பிஎச் 12 வரை ஏறிவிடும், ஜிப்சம் சேறும் குவியும். மக்னீசியா 10-ஐ ஒட்டித் தானே நின்றுகொள்ளும். அப்புறம், மக்னீசியாவும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் பேதி உப்பு (மக்னீசியம் சல்பேட்) தண்ணீரிலேயே தங்கிவிடும்; யாருக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதே.

பொடியை மட்டும் நம்பாதே. போடுவதை நிறுத்திய மறுநாளே அமிலம் வரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் அங்கே எலிவளைச் சுரங்கத்துக்கு, அதாவது ஆள் தவழ்ந்து போய் நிலக்கரி வெட்டும் குறுகிய குழிகளுக்கு, தடை போட்டது. பழைய குழிகள் கசிவது அதனால் நிற்கவில்லையே. களிமண் போட்டுக் குழி வாயை அடைத்து, மழைநீர் உள்ளே இறங்காமல் வாய்க்கால் வெட்டித் திருப்புவதுதான் முதல் வேலை என்பேன்.

இங்கேயும் ஐப்பசி மழையில் வெள்ளைக்கல் சுரங்கத்தின் கழிவுக்கல் மேட்டிலிருந்து வெள்ளைச் சேறு ஓடையில் இறங்குகிறது. இதற்கு அமிலமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்; தண்ணீர் நின்று தெளிய ஒரு குட்டை போதும். குட்டை இருக்கிறது, தூர்வாரித்தான் பல வருஷமாகிறது. இரண்டு தடவை மனுக் கொடுத்தேன். தை பிறந்ததும் மறுபடி போகிறேன்.

அடுத்த முறை வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவா: குழித் தண்ணீர் ஒன்று, ஆற்றுத் தண்ணீர் ஒன்று.

அன்புடன்,
செல்வராசு