செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: அறப்பணியும் நம் கடைகளின் நற்பெயரும்

நம் வணிகர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், புரசைவாக்கம் நெடுஞ்சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கடை நடத்தும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாநகராட்சித் தொழில் உரிமப் புதுப்பிப்பு, சந்தா வசூல் முதலான பணிகள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த ஒரு முடிவு நம் வணிகத்துக்கு என்ன செய்தது என்பதையே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு வெளிமாவட்டங்களிலிருந்து குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோருக்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் நம் பகுதி அறக்கட்டளை ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் துணை நிற்பது என்பதே அம்முடிவு. அதற்கு முன்பு, நன்கொடைப் புத்தகத்தோடு வருபவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் என்று கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பணம் என்னவாயிற்று என்பது நமக்கும் தெரியாது, நம் வாடிக்கையாளருக்கும் தெரியாது. ஒரே பணியை விடாமல் செய்யத் தொடங்கிய பிறகுதான் தெருவில் அது பேசப்பட்டது.

மளிகைக்கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் மாதந்தோறும் முதல் வாரத்தில் ரவை, உளுந்து, எண்ணெய் அனுப்புகிறார். அதற்காக அவர் பிளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிய சிறிய கரும்பலகையில் அம்மாதம் அனுப்பிய பொருளும் அளவும் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கும். அறக்கட்டளை தந்த ரசீது பலகையின் விளிம்புச் சட்டத்தில் செருகப்பட்டிருக்கும். நாளடைவில், மாதச் சாமான் சீட்டு கொடுக்க வருபவர்கள் "அண்ணாச்சி, என் கணக்குல ரெண்டு கிலோ ரவை சேர்த்து அனுப்பிடுங்க" என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். கைப்பேசியில் தட்டினால் சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கே சாமான் வந்துவிடும் இந்தக் காலத்தில், அந்தச் சீட்டு அவர் கடைக்கே வருகிறது என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன். விலைக் குறைப்பில் பெரிய நிறுவனங்களோடு நம்மால் போட்டியிட முடியாது. நம்மைத் தெரிந்தவர்கள் நம்மேல் வைத்திருக்கும் மதிப்புதான் நம் முதல். கடைப் பையன்களிடமும் மாற்றம் தெரிகிறது: மூட்டைகளைக் கொண்டு சென்று இறக்கி வரும் நாளில், தங்கள் கடையைப் பற்றி அவர்கள் பேசும் விதமே வேறாக இருக்கிறது.

இது நம் வணிகர்களுக்குப் புதிதன்று. தென்மாவட்ட வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை (பொதுக் காரியங்களுக்கான பங்கு) ஒதுக்கி, அந்த நிதியிலிருந்து பள்ளிகளும் பொதுப்பணிகளும் நடத்தினார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளி அவ்வாறு வளர்ந்ததே. அந்த ஆண்டு லாபமா நட்டமா என்று பாராமல், சரக்கு இறங்கினால் மகமை உண்டு என்ற ஒழுங்கும், கணக்கை உறவின்முறைக்கு, அதாவது தங்கள் சமூகத்தின் பொதுச் சபைக்கு, ஒப்புவிக்கும் வழக்கமுமே அதன் பலமாக இருந்தன.

ஒரு கசப்பான நிகழ்வையும் பதிவு செய்ய வேண்டும். சிற்றுண்டிப் பொட்டலம் வாங்கும் தாயையும் குழந்தையையும் படம் எடுத்து, கடையின் பெயரைப் பெரிதாகப் போட்டு ஓர் உறுப்பினர் விளம்பரம் வெளியிட்டார். அறக்கட்டளையினர் வருத்தம் தெரிவித்ததும் படம் நீக்கப்பட்டது. ஆயினும் அந்தக் கடையைப் பற்றித் தெருவில் எழுந்த பேச்சு உடனே அடங்கவில்லை. நோயுற்ற குழந்தையின் முகம் நம் சரக்கை விற்பதற்கானதன்று என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதேபோல், எடையில் குறைத்துவிட்டு நன்கொடையில் ஈடுகட்டலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். கொடுப்பதை ஊர் கவனிக்கத் தொடங்கினால் தராசையும் சேர்த்தே கவனிக்கும்.

கணக்கு வழக்கில் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டவற்றுக்கு 2024–25 நிதியாண்டின் நிலவரப்படி விடை தருகிறேன். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள கட்டாயச் சமூகப் பொறுப்புச் செலவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனங்களுக்கே உரியது. நாம் செய்வது முழுக்க விருப்பத்தின் பேரில்தான். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் நன்கொடைக்கு வரிக் கழிவு பெற, அறக்கட்டளை அப்பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது. அறக்கட்டளையிடமிருந்து நன்கொடைக்கான 10பிஇ படிவச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். கடைச் சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அதற்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்காக ஈடுசெய்துகொண்ட தொகையை) திருப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாவில் வைத்த உண்டியலில் வாடிக்கையாளர் போடும் பணம் கடையின் நன்கொடை ஆகாது. அதைத் தனியே எண்ணி, தனியே ரசீது வாங்க வேண்டும். இதில் ஒரு கடை தவறினாலும் தெரு முழுவதற்கும் கெட்ட பெயர்.

வரும் ஆண்டிலும் இதே அறக்கட்டளைக்குத் துணை நிற்பது, அதன் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, பயனாளிகளின் படங்களை எந்த உறுப்பினரும் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என விதி செய்வது ஆகிய தீர்மானங்களை நிர்வாகக் குழுவின் சார்பில் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்