சத்திரத்துப் பரிசோதனை அறைக்கு இன்னும் ₹6,55,000 தேவை: ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

முருகன் துணை

பேரன்புடைய ஊர்ப் பெருமக்களுக்கும், பிழைப்பின் பொருட்டுத் திருப்பூர், கோவை, சென்னை, பெங்களூரு எனவும் கடல் கடந்தும் சென்று வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், சத்திரக் குழுவினர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

பழனி பாதயாத்திரைச் சத்திரத்தின் பின்கட்டில், நோய்களை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை அறை ஒன்றை அமைப்பதென்று சித்திரையில் கூடிய ஊர்க்கூட்டம் முடிவு செய்ததும், ஆடிப் பதினெட்டு கழிந்து வேலை தொடங்கியதும் தாங்கள் அறிந்ததே. சுவர்கள் எழும்பிவிட்டன, மேல்தளமும் செப்பனிடப்பட்டுவிட்டது. ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டதால் புரட்டாசிக் கடைசியில் வேலை நின்றது. கார்த்திகை 30ஆம் தேதிக்குள் மீதித் தொகை சேராவிட்டால், மருத்துவக் கருவிகளுக்கு நாம் வாங்கி வைத்திருக்கும் விலைப்புள்ளி காலாவதியாகும். கொத்தனாரும் தச்சரும் வேறு ஊர் வேலைக்குப் போய்விடுவார்கள். தைப்பூசத்துக்கு நடந்து வரும் அடியார்கள், கதவில்லாத நிலைவாசலையும் பூசப்படாத சுவரையும் பார்த்துக்கொண்டே நம் சத்திரத்தைக் கடந்து செல்வார்கள்.

இந்தச் சத்திரத்தின் வரலாற்றை இளைய தலைமுறையினர் பலர் முழுதாக அறியார் என்பதால், பெரியவர்கள் கேட்டுக்கொண்டபடி அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகளும், மதுரைப் பக்கத்திலிருந்து கூட்டங்கூட்டமாக வரும் அடியார்களும் நெடுங்காலமாக நம் ஊர்ப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் இங்கே இருந்தது ஒரு புளியமரமும் இரண்டு மண்பானைகளும் மட்டுமே. முதலில் தண்ணீர், அடுத்து பானகமும் நீர்மோரும், பிறகு கூழ், பிறகு ஒரு வேளைச் சோறு என்று ஒவ்வொரு தை மாதமும் ஊர் தன் கையை இன்னும் கொஞ்சம் நீட்டியது. நாடு சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளில், ஒரு மழையிரவில் குழந்தையோடு நனைந்தபடி நின்ற குடும்பத்தைப் பார்த்துப் பொறுக்காமல், அப்போதைய பெரியவர்கள் மாட்டுவண்டியில் கல்தூண்களைக் கொண்டுவந்து முன்மண்டபத்தை எழுப்பினார்கள். வெளியூரில் வசூலுக்குப் போகாமல், கடன் வாங்காமல் கட்டி முடித்தார்கள் என்பதை இன்றும் நெஞ்சு நிமிர்ந்து சொல்லும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முன்மண்டபக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். நூறு ரூபாய் தந்தவர் பெயரும், ஒரு மூட்டை நெல் தந்தவர் பெயரும், பணம் தர வழியில்லாமல் பத்து நாள் கல் சுமந்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கும்.

சோறு போடுவதோடு நில்லாமல், அடியார்களின் பாதங்களுக்கு வெந்நீரும் உப்பும் மருந்தும் இடும் தொண்டு பிற்காலத்தில் சேர்ந்தது. இந்தப் பரிசோதனை அறையின் எண்ணம் பிறந்ததும் அந்தத் தொண்டில்தான். கொப்புளம் உடைந்த பாதத்தில் உப்புநீர் பட்டால் எவரும் துடிப்பார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சிலர் துடிப்பதில்லை. உள்ளங்காலில் முள் ஆழப் புதைந்திருப்பதும், தார்ச்சாலைச் சூட்டில் தோல் வெந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நம்முடன் தொண்டு செய்யும் மருத்துவர் அத்தகையவர்களுக்கு அங்கேயே விரல்நுனியில் இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கத் தொடங்கினார். தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாமல் பழனி வரை நடக்கப் புறப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். வலி தெரியாத காலில் புண் வரும், அது அழுகும், முடிவில் விரலையோ காலையோ எடுக்க நேரும். கால் உணர்விழந்திருப்பதைப் புண் வருமுன்னரே காட்டிக்கொடுக்க வல்லது, உள்ளங்காலில் மெல்ல அழுத்திப் பார்க்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடியிருப்பவர் அது தொடும் இடத்தைச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதே சோதனை. இரண்டு நிமிடங்கூட ஆகாத இந்தச் சோதனை செய்யப்படாமல் காலை இழப்பவரைக் காணும்போது குழுவினருக்கு மனம் ஆறவில்லை.

இது யாத்திரிகர்களுக்கு மட்டும் உரிய கதை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவின் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த முன்நிலையில் இருப்பவருக்குத் தாகமில்லை, சோர்வில்லை, உடல் இளைப்பதும் இல்லை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை நூறு மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு எனக் கொள்கிறார்கள். அந்த எல்லையை அடையாமல் 100, 110 என்று ஏறிக்கொண்டிருக்கும் காலமே நமக்குக் கிடைக்கும் அவகாசம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டதால் மட்டுமே, அவர்கள் நீரிழிவுக்குள் விழும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தமும் இப்படித்தான் ஓசையில்லாமல் ஏறும். சிறுநீரகமோ இன்னும் பொறுமையானது. அதன் ஆற்றல் பாதியளவு குறையும் வரை இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவின் அளவு பெரிதாக உயராமல் இருக்கக்கூடும். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிவதை அதற்கு வெகு முன்னரே சோதனையில் காணலாம்.

பெண்கள் நலம் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, அதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பெருமையும் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையுடன் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளிறித் தெரியும் இடங்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய முறை அது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை வாய்ப்பு தரப்பட்ட கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது. வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்த நம் வட்டாரத்துத் தாய்மார்கள் கூச்சத்தை ஒதுக்கிவைத்து வரிசையில் நின்றதால் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. அந்த மாவட்டத்தில் பிறந்த நாம், நம் சொந்தத் தங்கைகளுக்கும் மகள்களுக்கும் கதவும் திரையும் உள்ள ஒரு தனியறையைத் தர முடியாமல் நிற்பது முறையா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சந்தையில் மூட்டை தூக்கும் சகோதரர்கள் பலருக்குப் புகையிலை மெல்லும் பழக்கம் உண்டு. வாயினுள் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தோன்றுவதை நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். திருவனந்தபுரம் பகுதியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணத்தை இந்த எளிய பார்வைச் சோதனை 34 விழுக்காடு குறைத்தது.

அரசு செய்யாததையா நாம் செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் நம் ஊரிலும் பலருக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது, அதற்கு நாம் நன்றி உடையவர்கள். ஆனால் நள்ளிரவு கடந்ததும் காய்கறி வண்டியில் ஏறுகிறவரும், விடிவதற்குள் பூப்பறிக்கப் போகிறவரும், பனியன் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பெண்களும் பணியாளர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. நம் அறை ஞாயிறுதோறும் காலை 5 மணிக்கே திறக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழிகாட்டுதலில் இது நடக்கும். இங்கே மருத்துவம் பார்ப்பதாக இல்லை. ஒருமுறை அளவு கூடியிருந்தால் அதை நோய் என்று முடிவு கட்டாமல், மறுபடி சோதித்து உறுதி செய்யவும் சிகிச்சை பெறவும் உரிய இடத்துக்கு அனுப்பி, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவதே நம் கடமை. நகரத்துப் பரிசோதனைக்கூடங்கள் விளம்பரப்படுத்தும் எண்பது, தொண்ணூறு சோதனைகள் கொண்ட தொகுப்பு எதையும் குழு ஏற்கவில்லை. முன்கூட்டிக் கண்டால் பயன் உண்டு என்று தெரிந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டோம். தேவையற்ற சோதனை பணத்தைத் தின்பதோடு, இல்லாத நோய்க்கான கலக்கத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரும்.

இனிக் கணக்கு. தடுப்புச் சுவர், பெண்களுக்கான தனியறை, கழிப்பறை, குழாய், மின் இணைப்பு, தரை ஓடு ஆகிய கட்டட வேலைக்கு ₹7,80,000. இரத்த அழுத்தமானிகள், இசிஜி கருவி, இரத்தச் சோதனைக் கருவி, பரிசோதனைக் கட்டில், விளக்கு, கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யும் கலம், எடை பார்க்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு ₹4,35,000. ஓராண்டுக்குச் செவிலியர் ஒருவருக்கு மாதம் ₹15,000 வீதம் ₹1,80,000, ஆய்வக நுட்பர் ஒருவருக்கு மாதம் ₹14,000 வீதம் ₹1,68,000. இவர்கள் வார நாட்களில் வீடுவீடாகச் சென்று, அனுப்பப்பட்டவர்களைப் பின்தொடர்வார்கள். ஆளொன்றுக்கு ₹150 வீதம் 1,180 பேருக்குச் சோதனைப் பொருட்கள் வாங்க ₹1,77,000. ஆக மொத்தம் ₹17,40,000. இதுவரை வந்தது ₹10,85,000. குறைவது ₹6,55,000. விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியை இந்த ஆண்டு வாங்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களைக் கண் மருத்துவமனைக்கு வேனில் அழைத்துச் செல்ல, வேன் வைத்திருக்கும் நம் ஊர் அன்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வந்த தொகையில் ஒவ்வொரு ரூபாயும் எங்களுக்குப் பெரிது. முதல் இரண்டு லட்சத்தை, தந்தையின் நினைவாக, பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு தந்த திருப்பூர்ச் சகோதரர்களுக்கும், சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்து, மிகைநேரக் கூலியைச் சேர்த்து ₹1,10,000 அனுப்பிய எட்டு இளைஞர்களுக்கும், முருங்கைக்காய் வியாபாரிகள் அனைவருக்கும், வாரச் சேமிப்பிலிருந்து ₹42,000 எடுத்துத் தந்த மகளிர் சுயஉதவிக் குழுத் தாய்மார்களுக்கும் எங்கள் கரம் குவிந்த நன்றி. தம் ஒரு மாத ஓய்வூதியத்தை உறையோடு கொண்டுவந்து பொருளாளரிடம் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், ரசீதுகூட வேண்டாம் என்றார். நாங்கள் வற்புறுத்தியே கொடுத்தோம். இரும்புக் கம்பியை வாங்கிய விலைக்கே தந்த கடைக்காரர், கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த மின்பணியாளர், மணல் இறக்கிய நாளில் பள்ளி விட்டு வந்து சட்டி சுமந்த பிள்ளைகள், கிறிஸ்துவத் தெருவிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் கேட்காமலே வந்து தந்த அன்பர்கள் எல்லோருடைய பெயரும் பழைய கல்வெட்டின் முறைப்படி, தொகை குறிக்கப்படாமல், ஒரே அளவு எழுத்தில் பொறிக்கப்படும்.

இதுவரை எதுவும் தராதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், சற்றுக் கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. சித்திரைக் கூட்டத்தில் கைதூக்கித் தொகை சொன்னவர்களில் முப்பத்தொரு குடும்பத்தார் இன்னும் செலுத்தவில்லை. அந்தத் தொகை வந்தாலே ₹2,90,000 குறையும். சாமி சந்நிதியில் சொன்ன சொல் அது. சென்ற திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் இரண்டே இரவில் நாம் செலவிட்டது ₹3,20,000, அதற்கு எவரும் தவணை கேட்கவில்லை. வசதி குறைந்தவர்களிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தால் போதும். ஆனால் மாடி வீடும் காரும் உள்ளவர்கள் அடுத்த வீட்டார் எவ்வளவு கொடுத்தார் என்று விசாரித்துக்கொண்டு காத்திருப்பது, கல் சுமந்தவர் பெயரையும் செதுக்கிய ஊருக்கு அழகன்று. ₹1,500 தந்தால் பத்துப் பேரின் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படும். ₹15,000 தந்தால் செவிலியரின் ஒரு மாத ஊதியம் நிறையும்.

வருமான வரிச் சலுகைக்கான பதிவு இன்னும் கிடைக்கவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். வங்கிக் கணக்கு எண் சத்திரத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியூர் அன்பர்கள் ஊரிலுள்ள உறவினர் வழியாகப் பொருளாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். ரொக்கமாகத் தருவோர் ரசீது பெறாமல் எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவு முழுவதும் மார்கழி முதல் ஞாயிறு காலை, திருப்பாவை வழிபாடு முடிந்தபின் முன்மண்டபத்தில் வாசிக்கப்படும். கணக்குப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
சத்திரக் குழுவினர்