நம் தெருச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், பின்வரிசையில் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். மிச்ச நேரத்தில் பண்டிகைகளைப் பற்றிப் பேசுகிறேன், இந்த வருடம் அதில்தான் சொல்ல விஷயம் இருக்கிறது.

அக்டோபர் 11 ஆயுத பூஜைக்கு மோட்டார் அறையைக் கழுவிவிட்டு, பம்புக்கும் வாட்ச்மேனின் டார்ச்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தோம். தீபாவளிக்கு எல்லாப் பணியாளர்களுக்கும் கவர் போனது. கவர் கொடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வாசலில் நின்றபடி கையில் திணித்துவிட்டுப் பட்டாசைப் பற்ற வைக்க ஓடுகிறோமே, அதை நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, காற்றோடு போயிற்று என்று நாம் மூச்சு விட்ட நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை நம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. யார் வீட்டில் எவ்வளவு போயிற்று என்று இங்கே திரும்பச் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். கடலூர்க்காரர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. சொல்ல வேண்டியது, யார் வந்தார்கள் என்பதுதான். படகு கொண்டுவந்து முதியவர்களைத் தூக்கி உட்கார வைத்துக் கூட்டிப்போன மீனவப் பையன்கள், இடுப்பளவு தண்ணீர் வடிவதற்குள் கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர்கள், சேறு ஊறிய மெத்தைகளையும் செத்துக் கிடந்த கோழிகளையும் முகம் சுளிக்காமல் வாரிப்போன தூய்மைப் பணியாளர்கள், தன் கொட்டகையே சரிந்து கிடக்கும்போதும் எங்கிருந்தோ பால் கொண்டுவந்து ஊற்றிய நம் பால்காரர்.

ஜனவரிக் கூட்டத்தில் இந்த வருடம் பொதுப் பொங்கல் வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொள்வோம் என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள். மூலை வீட்டுப் பாட்டி எழுந்து, "வெள்ளம் வந்த வருசம்தான்யா வைக்கணும், உசுரோட இருக்கோம்ல" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை, தீர்மானம் எழுத எனக்கும் வேலை மிச்சம். கோலப் போட்டி, பாட்டுக் கச்சேரி, பெரிய ஸ்பீக்கர் எதுவும் கிடையாது, மேலே சொன்னவர்களைக் கூப்பிட்டுப் பொங்கல் வைத்து இலை போட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான் என்று முடிவானது.

போகி அன்று பழைய பாயும் துணியும் கொளுத்த ஒன்றும் இல்லை, ஆறே கொண்டுபோய்விட்டது. புகையில்லாத போகி நம் தெருவில் முதல் தடவையாக நடந்தது அப்படித்தான்.

ஜனவரி 14, தை 1. ஒரு சிக்கல் வந்தது. பஞ்சாங்கத்து நல்ல நேரம் காலையோடு முடிகிறது, தூய்மைப் பணியாளர்கள் வேலை முடித்து வர பத்து மணியாகும். நல்ல நேரத்தில் பானையை வைத்துவிட்டு அவர்களைச் சாப்பிட மட்டும் கூப்பிடலாம் என்று ஒரு கட்சி. யாருக்காக வைக்கிறோமோ அவர்கள் வரும் நேரம்தான் நல்ல நேரம் என்பது என் கட்சி. என் கட்சி ஜெயித்தது, ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விறகெல்லாம் ஈரம். முந்திரி விறகு புகைந்ததே தவிர எரியவில்லை, கடைசியில் யாரோ சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பனை ஓலைதான் காப்பாற்றியது. புதுப் பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, இரண்டு பக்கமும் பன்னீர்க் கரும்பு. அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னபோது, பணியாளர்களில் மூத்த அம்மா "நானாங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்ததும் அவர் போட்ட "பொங்கலோ பொங்கல்" அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும், நம்மில் பலர் அதற்குக் கூச்சப்பட்டு வாய்க்குள் முணுமுணுப்பவர்கள். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பரங்கிக்காயும் மொச்சையும் சிறுகிழங்கும் போட்ட குழம்பு. பந்தி பரிமாறியது நிர்வாகக் குழு. தலைவர் சாம்பாரை மீனவப் பையன் ஒருவன் மடியில் ஊற்றியதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குப் பால்காரரின் இரண்டு மாடுகளுக்கும் கொம்பில் வர்ணம் அடித்து நெட்டிமாலை போட்டார்கள். கொட்டகைக்குப் புதுக் கூரை போட ஆன செலவைச் சங்கம் ஏற்றது. பொருளாளர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

தை 5 ஆற்றுத் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பரில் வீட்டுக்குள் வந்த அதே பெண்ணையாற்றங்கரைக்குத்தான் போனோம். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்தன, மணலில் நடக்க இடமில்லாத கூட்டம், சிறுவள்ளிக் கிழங்கு வாங்காமல் யார் திரும்பினார்கள்? போகவே மாட்டேன் என்று சொல்லியிருந்த சிலர் பேரப்பிள்ளைகளோடு முதல் ஆளாக நின்றதை நான் பார்த்தேன். கோபம் இல்லையா என்றேன். "ஆத்து மேல என்னங்க கோவம், வருசம் பூரா கிணத்துக்குத் தண்ணி குடுக்குதே" என்றார் ஒருவர்.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் இரண்டு. பணியாளர்களோடு சேர்ந்து சாப்பிடும் பொங்கல் ஆண்டுதோறும் தொடர வேண்டும், நேரம் அவர்கள் வேலை முடிவதைப் பொறுத்தே வைக்க வேண்டும். பனை ஓலையை மார்கழியிலேயே வாங்கி மோட்டார் அறைப் பரணில் போட்டுவிட வேண்டும். இரண்டையும் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்கப்போவதில்லை, கூட்டம் முடிந்ததும் பொருளாளரே பக்கத்தில் வந்து நிற்பார். கடைசியாக, பொங்கலுக்கு எடுத்த சங்கத்தின் பெரிய அண்டா இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டில் இருக்கிறதோ, தேய்க்காவிட்டாலும் பரவாயில்லை, கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்