வண்டி போன பின் பாலிசி

அன்புள்ள மகளுக்கு,

விபத்தில் உனக்குக் காயமில்லை என்று அறிந்ததே எனக்குப் போதும். வண்டி போனால் போகட்டும். ஆனால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பு, அதாவது பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாத வண்டி, என்று அறிவித்துவிட்டதால் இனி பிரீமியத் தவணை கட்டத் தேவையில்லை என்று நீ எழுதியிருப்பது சரியல்ல. வங்கியில் தவணையை நிறுத்துவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுமையாகப் படித்துவிடு.

காப்பீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது. மாதத் தவணை என்பது அந்த ஆண்டுத் தொகையைப் பிரித்துக் கட்டுவதற்கான வசதி மட்டுமே. எனவே, முழு இழப்புக்கான தொகையைக் கொடுத்ததும் நிறுவனம் தன் கடமை முடிந்ததாகக் கருதி, மீதமுள்ள மாதங்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தராமலிருப்பதும், கட்ட வேண்டிய தவணைகள் இருந்தால் அவற்றை உனக்குரிய தொகையிலேயே கழித்துக்கொள்வதும் பல இடங்களில் வழக்கம். அதற்குள் நீயாகவே தவணையை நிறுத்தினால், பணம் கட்டாததால் ரத்தான பாலிசி என்ற பதிவு உன் பெயரில் விழக்கூடும். அடுத்த முறை காப்பீடு கேட்கும்போது அதற்கும் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் மீதிக் காலத்துக்குப் புதிய வண்டியை அதே பாலிசியில் சேர்த்துக்கொள்கின்றன. அந்த வாய்ப்பு உண்டா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வை. அவர்கள் சேர்த்துக்கொண்டதாக உறுதி தரும்வரை, அல்லது தனிப் பாலிசி எடுக்கும்வரை, புதிய வண்டியைச் சாலையில் எடுக்காதே.

இழப்பீட்டுத் தொகையையும் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதே. நீ வாங்கிய விலையை அவர்கள் தரமாட்டார்கள். விபத்துக்கு முந்தைய கணத்தில் வண்டிக்கு இருந்த மதிப்பையோ, பாலிசியில் குறித்த மதிப்பையோதான் கணக்கில் எடுத்து, அதிலும் நீ ஏற்க வேண்டிய பங்கைக் கழிப்பார்கள். சந்தை மதிப்பு என்று சொல்லிக் குறைவான தொகையை முன்வைத்தால், அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய வண்டிகள் என்ன விலைக்கு விற்பனைக்கு வந்துள்ளன என்பதைத் திரட்டி, சர்வீஸ் செய்த ரசீதுகளையும் சேர்த்து அனுப்பு. முதலில் சொன்ன தொகையே முடிவான தொகை என்று நீ எண்ண வேண்டியதில்லை, ஆனால் கையெழுத்திட்ட பிறகு வாதாடுவது கடினம்.

எனக்கு அதிகக் கவலை தருவது உன் வண்டிக் கடன். இழப்பீடு முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும். வண்டியின் மதிப்பு 100 ஆகவும் கடன்பாக்கி 120 ஆகவும் இருந்தால், அந்த 100 முழுவதும் அவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகும், இல்லாத வண்டிக்காக நீ 20 கட்ட வேண்டியிருக்கும். இந்த இடைவெளியை ஈடுகட்டவென்றே தனிக் காப்பீடு உண்டு. கடன் வாங்கும்போது அதையும் எடுத்தாயா என்று பழைய காகிதங்களில் பார். கணக்கு முடிந்ததாகக் கடன் நிறுவனம் எழுதித் தரும்வரை கடன் தவணையையும் நிறுத்தாதே.

உருக்குலைந்த வண்டியை நீயே வைத்துக்கொண்டு பழுதுபார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அதன் மதிப்பை இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள். முழு இழப்பான வண்டி என்ற பதிவும் தொடர்வதால் மறுபடி காப்பீடு எடுப்பதும் விற்பதும் சிரமம்.

விபத்தில் சிக்கிய மற்றொரு வண்டியில் இருந்தவர்கள் பல மாதங்கள் கழித்தும் இழப்பீடு கோரலாம். விபத்து நடந்த நாளில் உயிரோடிருந்த இந்தப் பாலிசிதான் அதற்குப் பொறுப்பு, அது பின்னர் முடிந்துபோயிருந்தாலும். அதனால் பாலிசிப் பத்திரத்தையும் கடிதங்களையும் பத்திரமாக வை. தவறு அவர்களுடையது என்று முடிவாகி, உன் நிறுவனம் கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வசூலானால், உன் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பாதிக்கப்படாமல் இருக்குமா என்றும் கேள்.

வண்டியை அவர்கள் எடுத்துச் செல்லும்முன் உன் பொருள்களை எடுத்துவிடு. அதில் இணைத்த கைபேசித் தகவல்களை அழித்துவிடு. வண்டி கைமாறியதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள். நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டுக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு. நீ பதில் எழுதும்முன் நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா